மகாதீர் எந்த வீட்டுப் பிள்ளை? மலாயாப் பல்கலைக்கழகத்துப் பாகப்பிரிவினை

வாசகர் ஒருவர், 6 ஜனவரி 2024

மலேசியாவின் மூத்த பல்கலைக்கழகம் மலாயாப் பல்கலைக்கழகம். முன்னாள் பிரதமர் மகாதீர் அங்கே படித்தவர். இதில் என்ன சந்தேகம்? ஆனால் சிங்கப்பூரில் இருக்கும் என் மைத்துனர் "அவர் எங்கள் தேசியப் பல்கலைக்கழகத்துப் பழைய மாணவர்" என்கிறார். கல்யாணப் பந்தியிலேயே தகராறு. யாராவது ஆதாரத்தோடு சொல்லுங்கள்.

6 ஜனவரி, இரவு 10.40

நீங்களும் சரி, மைத்துனரும் சரி. அதுதான் வம்பு.

மகாதீர் 1947இல் சேர்ந்தது சிங்கப்பூரில் இருந்த ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில். அப்போது மலாயா முழுக்கத் தேடினாலும் பல்கலைக்கழகம் என்று ஒன்று கிடையாது. 1949 அக்டோபர் 8ஆம் தேதி அந்தக் கல்லூரியையும் புக்கிட் தீமா சாலையில் இருந்த ராஃபிள்ஸ் கல்லூரியையும் ஒன்றாக்கி மலாயாப் பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்தார்கள். பெயர் மலாயா, இருப்பு சிங்கப்பூர். 1953இல் மகாதீர் டாக்டராக வெளியே வந்தபோது பட்டம் கொடுத்தது மலாயாப் பல்கலைக்கழகம். ஆக, சேர்ந்தது ஓர் இடம், முடித்தது இன்னோர் இடம். நடுவில் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

1959இல் பல்கலைக்கழகம் இரண்டு கிளையானது, கோலாலம்பூரில் ஒன்று, சிங்கப்பூரில் ஒன்று. 1962 ஜனவரி 1 முதல் தனிக்குடித்தனம். பெயரைக் கோலாலம்பூர் எடுத்துக்கொண்டது. பழைய கட்டடங்கள் சிங்கப்பூரோடு நின்றுவிட்டன. அந்தச் சிங்கப்பூர்க் கிளையின் வாரிசுதான் உங்கள் மைத்துனர் சொல்லும் தேசியப் பல்கலைக்கழகம். மகாதீர் மாணவராக எங்கள் கோலாலம்பூர் லெம்பா பந்தாய் வளாகத்தில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. அவர் சான்றிதழில் இருப்பது எங்கள் பெயர்.

நான் 1984இலிருந்து 87 வரை அங்கே இந்திய ஆய்வியல் துறையில் படித்தவள், ஐந்தாவது கல்லூரி. (விடுதியைத்தான் அங்கே கல்லூரி என்பார்கள்.) எனக்குப் பட்சபாதம் உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

7 ஜனவரி, காலை 7.15

ஒன்று விட்டுப்போனது. மகாதீரின் மனைவி டாக்டர் சித்தி ஹஸ்மாவுக்கும் இதே கதைதான். அவரும் 1947இல் அந்தக் கல்லூரியில் சேர்ந்து, 1955இல் முடித்தார். மருத்துவப் பட்டம் பெற்ற முதல் சில மலாய்ப் பெண்களில் ஒருவர். பந்தியில் தகராறு செய்கிறவர்கள் அவர் பெயரை எடுப்பதே இல்லை, கவனித்தீர்களா?

7 ஜனவரி, மாலை 6.00

"அப்படியானால் எது மூத்தது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டுமே 1905 என்கின்றன. 2005இல் இரண்டுமே நூற்றாண்டு விழா கொண்டாடின. ஒரே பாட்டிக்கு இரண்டு வீட்டிலும் படம் மாட்டி மாலை போட்டிருக்கிறது.

அந்த 1905 என்பது சிங்கப்பூரில் ஒரு மருத்துவப் பள்ளி திறந்த ஆண்டு. அரசாங்கம் தானாக இரங்கிவந்து கட்டியதல்ல. டான் ஜியாக் கிம் என்ற வணிகர் தலைமையில் ஊர்க்காரர்கள் 87,077 டாலர் திரட்டினார்கள். அவர் மட்டும் 12,000 போட்டார். பெண்களுக்கான பழைய மனநோய் விடுதிக் கட்டடத்தில் 23 மாணவர்களோடு ஆரம்பம். மருத்துவம் படிக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் இப்போதும் அந்தக் கட்டடம் பொருத்தம் என்றுதான் தோன்றுகிறது. (என் மகளும் டாக்டர்தான், சண்டைக்கு வராதீர்கள்.)

பிரிவினையில் சாமான் சட்டியும் பிரிந்தது. 1955இல் தொடங்கிய கலை அருங்காட்சியகத்துக்கு மைக்கேல் சல்லிவன் என்ற சீனக் கலை வரலாற்றாசிரியர் காப்பாளராக இருந்து பொருள் சேர்த்தார். அந்தச் சேகரிப்பையும் கூறு போட்டு ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். பானையைப் பிரிக்கலாம். ஆட்களை எப்படிப் பிரிப்பது? 1949இலிருந்து 61 வரை அங்கே படித்த, படிப்பித்த எல்லாருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. செல்லப்பன் ராமநாதன், அதாவது எஸ்.ஆர். நாதன், 1954இல் சமூக ஆய்வியல் டிப்ளமோ வாங்கினார். மூவாரில் வளர்ந்து, பதின்ம வயதில் வீட்டை விட்டு ஓடிப்போய், எப்படியெப்படியோ பிழைத்து, முப்பது வயதில் வாங்கிய படிப்பு. பிற்காலத்தில் 1999 முதல் 2011 வரை சிங்கப்பூர் அதிபர். அவரை நாங்கள் உரிமை கொண்டாடினால் மைத்துனர் சும்மா இருப்பாரா?

பெஞ்சமின் ஷியர்ஸும் அப்படித்தான். மகப்பேறு மருத்துவப் பேராசிரியர், பிறகு சிங்கப்பூரின் இரண்டாவது அதிபர்.

9 ஜனவரி, இரவு 11.20

தூக்கம் வரவில்லை, ஒப்பன்ஹைமைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

அணுகுண்டு ஒப்பன்ஹைமர் இல்லை. அலெக்சாண்டர் ஒப்பன்ஹைம், கணிதக்காரர். இங்கிலாந்தில் சால்ஃபோர்டில் பிறந்து, 1931இல் ராஃபிள்ஸ் கல்லூரிக்குக் கணிதப் பேராசிரியராக வந்தவர். 1957இலிருந்து 65 வரை துணைவேந்தர். பிரிவினை நடந்தபோது குடும்பத் தலைவர் ஸ்தானத்தில் இருந்தவர் அவர்தான். பிரிந்த பிறகு கோலாலம்பூர்ப் பக்கம் நின்றார்.

அவர் 1929இல் ஓர் ஊகத்தைச் சொன்னார். கணக்கு வாத்தியார்கள் மன்னிக்கட்டும், எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். பல மாறிகளின் வர்க்கங்களையும் பெருக்கல்களையும் கூட்டிக் கழித்து ஒரு கோவை செய்கிறோம். அது சில இடத்தில் கூட்டல் எண்ணாகவும் சில இடத்தில் கழித்தல் எண்ணாகவும் வரவேண்டும். அதன் கெழுக்களுக்குள் உள்ள விகிதம் முழுதும் விகிதமுறு எண்களாக இருக்கக் கூடாது. அப்படிப்பட்ட கோவையில் முழு எண்களை மட்டும் (எல்லாமே பூச்சியமாக இல்லாமல்) மாற்றி மாற்றிப் போட்டால், பூச்சியத்துக்கு நாம் கேட்கிற அளவு பக்கத்தில் போக முடியும் என்பது ஊகம். சொல்ல எளிது. நிரூபிக்க 58 வருடம் பிடித்தது. 1987இல் கிரிகோரி மார்குலிஸ் என்ற ரஷ்யர் முடித்தார், அதுவும் கணிதத்தின் வேறொரு மூலையிலிருந்து ஆயுதம் எடுத்துவந்து. ஒப்பன்ஹைம் 1997 வரை உயிரோடு இருந்தார். தான் இருபத்தாறு வயதில் போட்ட புதிருக்கு எண்பத்து நான்கு வயதில் விடை வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

1987! அந்த ஆண்டு நான் அதே வளாகத்தில் இறுதித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். எங்களில் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியாது.

இன்னொரு விஷயம். சிங்கப்பூர் விழுந்தபோது அவர் தொண்டர் படைச் சிப்பாய். ஜப்பான்காரனிடம் கைதியாகிச் சாங்கி முகாமுக்குப் போனார். அங்கே கைதிகளே ஒரு பல்கலைக்கழகம் நடத்தினார்கள், அதில் இவர் டீன். வயிற்றுக்குச் சோறில்லாத இடத்தில் வகுப்பு. அப்புறம் ஜப்பான்காரன் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதைக்கு அனுப்பப்பட்டார்.

சயாம் என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. எங்கள் தாத்தாவின் அண்ணன் சயாமுக்குப் போனவர். தோட்டத்தில் இருந்து லாரியில் ஏற்றினார்களாம். திரும்பி வரவில்லை. அவரைப் பற்றி வீட்டில் படம் இல்லை, நாள் தெரியாது, ஆடி அமாவாசைக்குச் சேர்த்துக் கும்பிடுவதோடு சரி. ஒரே தண்டவாளத்தில் வேலை செய்தவர்களில் ஒருவருக்குப் பெயர் ஒரு தேற்றத்தில் இருக்கிறது.

10 ஜனவரி, காலை 6.50

மேலே "தேற்றம்" என்று எழுதிவிட்டேன். நிரூபணம் வந்த பிறகும் அதை ஒப்பன்ஹைம் ஊகம் என்றே சொல்கிறார்கள் என்று மகள் திருத்தினாள். சரி.

13 ஜனவரி, பிற்பகல் 3.05

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "இருக்கிற நேரம் முழுவதையும் நிரப்பும் அளவுக்கு வேலை பெருகும்" என்ற பார்க்கின்சன் விதி தெரியுமல்லவா? மேலாண்மை வகுப்பெடுக்கிற எல்லாரும் சொல்வார்கள். நார்த்கோட் பார்க்கின்சன் அதை எழுதியபோது எந்த வேலையில் இருந்தார்? மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். 1950இலிருந்து 58 வரை சிங்கப்பூரில் இருந்தார். 1955 நவம்பரில் லண்டன் எக்கனாமிஸ்ட் இதழில் அந்தக் கட்டுரை வந்தது.

அவர் கடற்படை வரலாற்றுக்காரர், அதனால் எடுத்துக்காட்டும் கடற்படை. 1914இல் பிரிட்டனிடம் 62 பெரிய போர்க்கப்பல்கள் இருந்தன. 1928இல் 20தான். அதே காலத்தில் கடற்படைத் தலைமையகத்தின் அலுவலர்கள் 2,000 பேரிலிருந்து 3,569 பேர் ஆனார்கள். கப்பல் குறையக் குறைய அதைக் கவனிக்க ஆள் கூடியிருக்கிறது! ஒரு அதிகாரிக்கு வேலை அதிகம் என்று தோன்றினால் அவர் சக அதிகாரியைக் கேட்க மாட்டார், தனக்குக் கீழே இருவரைக் கேட்பார். ஒருவரை மட்டும் கேட்டால் அவன் நாளைக்குப் போட்டியாகிவிடுவான். அந்த இருவரும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்ள, அதைப் படிக்கவே முதலாமவருக்கு நேரம் போதாது.

நான் இருபத்தாறு வருடம் ஓர் அலுவலகத்தில் இருந்தேன், பெயர் வேண்டாம். சேர்ந்தபோது எங்கள் பிரிவுக்குப் பழைய கிராணி (எழுத்தர்) ஒருவர். அரைக்கண்ணாடி போட்டுக்கொண்டு, காலை தே ஓ (பால் விடாத தேநீர்) குடித்து முடிப்பதற்குள் அன்றைய கோப்பு முழுக்கப் பார்த்துவிடுவார். பதினோரு மணிக்கு மேல் வில்லுப்பாட்டுக் கேட்பார். அவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு மூன்று பேர், ஆளுக்கு ஒரு கணினி. கோப்பு என் மேசைக்கு வர நான்கு நாள். ஏன் என்று கேட்டேன். "அக்கா, இப்போ எல்லாம் ஒருங்கிணைக்கணும்" என்றான் பையன். ஒருங்கிணைப்புக் கூட்டம் வியாழக்கிழமைதோறும், கறிபாப்புடன்.

இந்த விதி சிங்கப்பூரில் உட்கார்ந்து எழுதப்பட்டது. மலாயாவின் காலனி அலுவலகங்கள் அவர் ஜன்னலுக்கு வெளியே இருந்தன. அவர் கடற்படையைச் சொன்னார், நமக்குத் தெரியாதா.

பார்க்கின்சனிடம் வரலாறு படித்த மாணவர் வாங் கங்வு. சுரபாயாவில் பிறந்து ஈப்போவில் வளர்ந்தவர். 1953இல் பட்டம். இருபது வயதில் ஒரு கவிதை நூல் போட்டுவிட்டு, அப்புறம் கவிதையை விட்டுவிட்டு, தென்சீனக் கடல் வணிகத்தை ஆராயப் போய், கடைசியில் ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகி, வெளிநாட்டுச் சீனர் வரலாற்றில் இவரைத் தாண்டி யாரும் பேச முடியாது என்ற நிலைக்கு வந்தார். எங்கள் ஈப்போ. இதை மட்டும் மைத்துனரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

15 ஜனவரி

பொங்கல் வாழ்த்து. பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. வாங் கங்வுவுக்கு நான் இவ்வளவு இடம் கொடுத்துவிட்டுத் தனிநாயகம் அடிகளை மறந்துவிட்டேனாம், மூன்று பேர் திட்டியிருக்கிறார்கள். வருகிறேன்.

20 ஜனவரி, இரவு 9.30

இந்திய ஆய்வியல் துறை 1956இல் சிங்கப்பூரில் தொடங்கியது. தொடங்குவதற்கு முன்பே சண்டை. துறையை எப்படி அமைப்பது என்று வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியிடம் யோசனை கேட்டார்கள். அவர் அறிக்கை வடமொழியை முன்னிறுத்துகிறது என்று இங்குள்ள தமிழர்கள் கொதித்தார்கள். இந்த நாட்டில் இந்தியர் என்றால் பெரும்பாலும் தமிழர், அவர்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் இல்லாமல் இந்திய ஆய்வு என்ன ஆய்வு? தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" என்று நிதி திரட்டினார். பெரிய முதலாளிகளிடம் காசோலை வாங்குவதோடு நிற்காமல், தோட்டத்திலும் துறைமுகத்திலும் இருந்தவர்களிடம் ஒரு வெள்ளி இரண்டு வெள்ளியாகக் கேட்டார். (டாலரைத்தான் இங்கே வெள்ளி என்போம்.) துறையில் தமிழ் வந்தது.

எங்கள் தாத்தா அந்த ஒரு வெள்ளியைக் கொடுத்தவர். பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர்ப் பால் எடுத்தவர், படிக்கத் தெரியாது. எனக்கு 1984இல் இடம் கிடைத்தபோது பாட்டி மரப்பெட்டியைத் திறந்து ஒரு ரசீதைக் காட்டினார். மஞ்சள் பூத்த தாள், நான்காக மடித்தது, மடிப்பில் துணி போல நைந்திருந்தது. மூலையில் வெற்றிலைச் சாறு. "ஓந் தாத்தா அப்பவே ஒனக்கு சீட்டு போட்டு வச்சிருக்காரு" என்றார். முதல் நாள் மினி பஸ்ஸில் போகும்போது அந்த வாக்கியம்தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தத் துறைக்கு 1961இல் தலைவராக வந்தவர் தனிநாயகம் அடிகள். ஊர்காவற்றுறைப் பக்கத்தில் பிறந்த யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பாதிரியார். 1969 வரை இருந்தார். 1964 ஜனவரியில் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமைய முன்னின்றார், 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார். 1968இல் சென்னையில் அண்ணா காலத்தில் நடந்தது இரண்டாவது. கடற்கரைச் சிலைகளெல்லாம் அப்போது வந்தவை. மலேசியக்காரர்கள் நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லியே வயதாகிவிட்டோம்: முதலாவது எங்கள் ஊரில்.

அதே வளாகத்தில் அதே காலத்தில் இன்னொரு யாழ்ப்பாணத் தமிழர், கணிதப் பேராசிரியர் சி.ஜே. எலியேசர். கேம்பிரிட்ஜில் டிராக்கிடம் ஆராய்ச்சி செய்தவர். கொழும்பிலிருந்து இங்கே வந்து, 1968இல் மெல்போர்னுக்குப் போனார்.

துறையில் மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், என் ஆசிரியர்கள் காலத்தவர் என்பதால் நீட்டினால் நிற்காது. இராம. சுப்பையா 1969இல் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் ஒரு பட்டியல் போட்டார். பட்டியல்தானே என்று நினைக்காதீர்கள். அதில் இருக்கும் பாதி இதழ்களை இன்று பார்க்கக்கூட முடியாது, பெயராவது மிஞ்சியது. சிங்காரவேலு சங்ககாலச் சமூக வாழ்வு பற்றியும் தென்கிழக்காசிய இராமாயணங்கள் பற்றியும் எழுதினார். இரா. தண்டாயுதம் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டிக்கு ஊக்கம் கொடுத்து, "பேரவைக் கதைகள்" என்று தொகுப்புகள் வர வழி செய்தார். இந்நாட்டுச் சிறுகதைக்காரர்கள் பலர் அந்தப் போட்டிக் கதவு வழியாக வந்தவர்கள். நானும் ஒன்று அனுப்பினேன். வரவில்லை. நியாயமான முடிவு.

21 ஜனவரி, மதியம்

சங்கடமான திருத்தம்.

நேற்று எழுதியதைச் சித்திக்கு வாசித்துக் காட்டினேன். சித்தி சிரித்துவிட்டார். அந்த ரசீது பல்கலைக்கழக நிதி ரசீதே இல்லையாம். தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்து ரசீதாம். 1960இல் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் சம்பந்தன் தொடங்கியது, தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில் தொழிலாளர்களே பங்கு கட்டித் தோட்டம் வாங்கியது. தாத்தா பத்து வெள்ளி கட்டியிருக்கிறார். ஒரு வெள்ளிக்குப் பதில் பத்து வெள்ளி!

பெட்டி சித்தியிடம்தான் இருக்கிறது. படம் அனுப்பச் சொன்னேன். ஆண்டு 1961. 1956இல் தொடங்கிய துறைக்கு 1961இல் நிதி எதற்கு என்று நாற்பது வருடமாக நான் யோசிக்கவே இல்லை. மினி பஸ்ஸில் என் தலைக்குள் ஓடிய வாக்கியம் சம்பந்தன் கணக்கில் சேர வேண்டியது.

மேலே இருப்பதை அழிக்கவில்லை. இருக்கட்டும்.

28 ஜனவரி, இரவு

தைப்பூசத்துக்குப் பத்துமலை போய் வந்த கால்வலி இன்னும் போகவில்லை. உட்கார்ந்தபடி எழுத ஒரு கதை இருக்கிறது.

1954 மே மாதம் பல்கலைக்கழகச் சோசலிஸ்ட் மன்றத்து மாணவர்கள் எட்டுப் பேர் மேல் ராஜத்துரோக வழக்கு. அவர்கள் நடத்திய "ஃபஜார்" இதழில் ஆசியாவில் ஆக்கிரமிப்பு பற்றி ஒரு கட்டுரை வந்தது, அவ்வளவுதான். (அந்த மன்றத்தின் முதல் தலைவர் யார் தெரியுமா? கவிதையை விட்ட வாங் கங்வு.) எட்டுப் பேர் பெயரில் பாதிக்கு மேல் நம் பக்கத்து வாடை: ஜேம்ஸ் புதுச்சேரி, எம்.கே. ராஜகுமார், அருட்சோதி, தாமஸ் வர்க்கி, எட்வின் தம்பு. தம்புவின் அப்பா தமிழர், அம்மா சீனர். சிங்கப்பூர் ஆங்கிலக் கவிதைக்கு மூத்தவர் என்று இன்று அவரைத்தான் சொல்கிறார்கள். லண்டனிலிருந்து பிரிட் என்ற பெரிய வழக்கறிஞர் வாதாட வந்தார். அவருக்கு உதவி வழக்கறிஞர் லீ குவான் இயூ. எதிர்வாதமே தேவையில்லை என்று நீதிபதி எட்டுப் பேரையும் விடுவித்தார்.

ஒன்பது வருடம் கழித்து, 1963 பிப்ரவரியில் இடதுசாரிகளைக் கூட்டமாகப் பிடித்த கோல்ட்ஸ்டோர் என்ற கைது நடவடிக்கையில் அந்த எட்டுப் பேரில் புதுச்சேரியும் போ சூ காயும் உள்ளே போனார்கள். அப்போது சிங்கப்பூரின் பிரதமர் அதே பழைய உதவி வழக்கறிஞர். போ சூ காய் இரண்டு தவணையாக மொத்தம் பதினேழு வருடம் சிறையில்.

புதுச்சேரியைப் பற்றி இன்னும் ஒரு வரி. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து இம்பால் முனை வரை போனவர். திரும்பி வந்து மாணவரானார். 1950களில் சாங்கிச் சிறையில் இருந்தபோது மலாயாவின் பொருளாதாரம் யார் கையில் இருக்கிறது என்று ஒரு புத்தகம் எழுதினார். 1960இல் வெளிவந்தது. இன்றைக்கும் பொருளாதார மாணவர்கள் அதைத் தாண்டிப் போக முடியாது. சாங்கி எத்தனை பேருக்குப் பல்கலைக்கழகமாக இருந்திருக்கிறது பாருங்கள், ஒப்பன்ஹைமையும் சேர்த்து.

ராசம்மா பூபாலனும் அப்படித்தான். ஜான்சி ராணிப் படையில் பர்மா வரை போன பெண், பிறகு சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தார், பிறகு பள்ளித் தலைமையாசிரியை. 1960இல் பெண் ஆசிரியர் சங்கம் கண்டு, ஆண் ஆசிரியருக்குக் கொடுக்கிற சம்பளம் எங்களுக்கு ஏன் இல்லை என்று போராடினார். என் அத்தை ஆசிரியை. சம்பளம் ஒரே அளவானபோது வாங்கிய தையல் மிஷின் இன்னும் ஓடுகிறது. எங்களிடம் படித்த பிரதமர்களின் பட்டியலைவிட எனக்கு ராசம்மா முக்கியம். பட்டியல் வேண்டுமானால்: மகாதீர், அப்துல்லா படாவி, முகைதீன் யாசின், இஸ்மாயில் சப்ரி, அன்வார். போதுமா?

3 பிப்ரவரி, காலை

போதாதாம். "அன்வாரைப் பற்றி ஒரே சொல்லா?" என்று கேட்கிறார்கள். அவர் 1968 வாக்கில் மலாய் ஆய்வியல் படிக்க வந்தார். மாணவர் தலைவர், போராட்டக்காரர். 1974 இறுதியில் பாலிங் விவசாயிகளுக்காக எழுந்த போராட்டத்தில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்து இருபது மாதம் வைத்தார்கள். அதை ஒட்டி 1975இல் பல்கலைக்கழகச் சட்டத்தைத் திருத்தி மாணவர் அரசியலுக்குப் பூட்டுப் போட்டார்கள். அப்போது கல்வி அமைச்சர் யார்? இந்த இழை யார் பெயரில் தொடங்கியதோ அவர்தான். பழைய மாணவர்.

நாங்கள் படித்தபோது அந்தப் பூட்டு நன்றாக வேலை செய்தது. தமிழ்ப் பேரவையில் நாடகம் போடக்கூட வசனத்தை முதலில் கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. "மன்னன் கொடுங்கோலன்" என்ற வரியில் எங்கள் நாடகம் ஒரு வாரம் நின்றது. மன்னனை வியாபாரியாக மாற்றினோம்.

4 பிப்ரவரி, இரவு 8.10

கைலிக் கதை ஒன்று பாக்கி.

1960 நவம்பரில் ஆங்கிலப் பேராசிரியர் டி.ஜே. என்ரைட் தன் தொடக்க உரையில், அரசாங்கம் மேலிருந்து பண்பாடு தயாரிக்க முயல்வதைக் கிண்டல் செய்தார். "கைலிப் பண்பாடு" என்கிற மாதிரி ஒரு சொல் விழுந்தது. சிங்கப்பூர் அரசு கொதித்தது. அவரைக் கூப்பிட்டு, ஒரு கடிதத்தைக் கொடுத்தார்கள். அதில் "பிச்சைக்காரப் பேராசிரியர்கள்" என்ற பொருளில் ஒரு தொடர். மாணவர்கள் கல்விச் சுதந்திரம் என்று கொடி பிடித்தார்கள். மனுஷன் அசரவில்லை, பிற்பாடு தன் நினைவுக் குறிப்புக்கே அந்தத் தொடரைத் தலைப்பாக வைத்துக்கொண்டார்.

இன்னொரு பேராசிரியர் கைலியைக் கிண்டல் செய்யவில்லை, எண்ணினார். உங்கு அஜிஸ், 1968இலிருந்து 88 வரை எங்கள் துணைவேந்தர், இருபது வருடம். பொருளாதார நிபுணர். கிராமத்து வறுமையை அளக்க வருமானக் கணக்கு உதவாது, கேட்டால் யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள் என்று, ஒரு வீட்டில் தலைக்கு எத்தனை கைலி இருக்கிறது என்று எண்ணச் சொன்னார். கைலிக் குறியீடு. ஹஜ் பயணத்துக்குப் பணம் சேர்க்கும் தாபுங் ஹாஜி நிதியத்துக்கும் 1959இல் யோசனை எழுதிக் கொடுத்தவர் அவர்தான்.

அந்தக் குறியீட்டைப் படித்ததும் எங்கள் லயத்து வீட்டில் எண்ணிப் பார்த்தேன். அப்பாவுக்கு இரண்டு கைலி. ஒன்று காய்ந்துகொண்டிருக்கும். பாட்டியின் பழைய சேலை தொட்டிலாகிவிட்டது, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

17 பிப்ரவரி

சீனப் புத்தாண்டுக்கு மைத்துனர் வந்தாராமே, இந்த இழையை அவரிடம் காட்டினீர்களாமே. "உங்கள் ஆள் நியாயமாகப் பாகம் பிரிக்கட்டும்" என்று சவால் வேறு. சரி, பிரிக்கிறேன்.

நாதன், ஷியர்ஸ், தம்பு உங்களுக்கு. பார்க்கின்சன் உங்களுக்கு, எங்கள் அலுவலகங்களில் அவர் வேலை முடிந்துவிட்டது. என்ரைட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பன்ஹைமைத் தர மாட்டேன், பேச்சுக்கே இடமில்லை. உங்கு அஜிஸ், எலியேசர், அன்வார் எங்களுக்கு. வாங் கங்வு பிறகு சிங்கப்பூரில்தான் குடியிருந்தார், ஆனால் நாசி லெமாக் தின்று வளர்ந்தது ஈப்போவில், அதனால் பொது. ராசம்மா பொது. புதுச்சேரியை நீங்கள்தான் நாடு கடத்தினீர்கள், ஆகவே எங்களுக்கு.

மகாதீரைச் சீட்டுக் குலுக்கலாம்.

தமிழ்த் துறை விஷயத்தில் மட்டும் மைத்துனர் கோபப்பட்டால் எனக்குப் பதில் இல்லை. சாரங்கபாணி சிங்கப்பூரில் உட்கார்ந்து திரட்டினார், சிங்கப்பூர்த் துறைமுகத் தொழிலாளி கொடுத்தார், துறையும் முதலில் அங்கேதான் திறந்தது. பிரிவினையில் அது கோலாலம்பூருக்கு வந்துவிட்டது. நான் படித்தேன். அங்கே அவர்கள் பிள்ளைகளுக்குப் பல காலம் அப்படி ஒன்று இல்லை. இதை நான் இவ்வளவு நாள் "எங்கள் துறை" என்றே சொல்லிவந்தேன்.

2 மார்ச், காலை 9.00

சித்தி தொலைபேசியில்: தாத்தா அந்த ஒரு வெள்ளியையும் கொடுத்திருப்பார் என்கிறார். தோட்டத்துத் தையற்காரர் ஒருவர் சாயங்காலம் தமிழ் முரசை உரக்கப் படிப்பாராம், எல்லாரும் குந்தியிருந்து கேட்பார்களாம். எதற்காவது காசு கேட்டு வந்திருந்தால் தாத்தா கொடுக்காமல் இருந்திருக்க மாட்டார். கோவிலுக்குக் கொடுத்தார், பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார், சங்கத்துக்குக் கொடுத்தார். "அதுக்கெல்லாம் யாருடி ரசீது குடுத்தா?" என்றார்.

அப்புறம், ஜனவரி 13 குறிப்பில் அந்தப் பழைய கிராணி வில்லுப்பாட்டுக் கேட்பார் என்று எழுதியிருந்தேன். அவர் மகள் படித்துவிட்டு எழுதியிருக்கிறார்: வில்லுப்பாட்டு இல்லையாம், கிரிக்கெட் வர்ணனை.